அட்டையில் கட்டிப்பிடித்து நின்ற ஜோடி எங்கே போனது?

கேள்வி இது: "லெண்டிங் லைப்ரரியிலிருந்து அம்மா எடுத்து வரும் ஆங்கிலக் காதல் நாவல்களின் அட்டையில், கூந்தல் காற்றில் பறக்க ஒரு ஜோடி இறுகக் கட்டிக்கொண்டு நிற்கும். இப்போது கடையில் பார்த்தால் எல்லாம் குழந்தைகள் புத்தகம் மாதிரி தட்டையான கார்ட்டூன் படங்கள். இது எப்போது, ஏன் மாறியது?"

ரசனை மாறிவிட்டது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். புத்தகத்துக்கும் வாசகிக்கும் நடுவில் எப்போதுமே வேறொருவர் நின்றிருக்கிறார். ஒரு காலத்தில் வாடகை நூலகக்காரர், பிறகு லாரியில் புத்தகம் ஏற்றி வந்த விநியோகஸ்தர், பிறகு பெரிய கடைகளின் கொள்முதல் அதிகாரி, இப்போது கைபேசித் திரை. அந்த ஆள் மாறும்போதெல்லாம் அட்டையும் மாறியது. நான் இருபது வருடமாகப் புத்தக அட்டை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். இந்தப் படங்களைப் பார்த்துச் சிரிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றை வரைந்தவர்களின் கை எப்பேர்ப்பட்ட கை என்பதையும் சேர்த்துச் சொல்ல ஆசை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மில்ஸ் அண்ட் பூனிலிருந்து தொடங்குவோம். ஜெரால்ட் மில்ஸ், சார்ல்ஸ் பூன் இருவரும் 1908-இல் லண்டனில் தொடங்கிய பதிப்பகம் அது. ஆரம்பத்தில் எல்லா வகைப் புத்தகமும் போட்டார்கள். காதல் கதைதான் நமக்குச் சோறு போடும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தது 1930-களில். அப்போது அந்தப் புத்தகங்களை வாங்கியவர்களில் பெரும்பாலோர் வாசகிகள் இல்லை, வாடகை நூலகங்கள். பூட்ஸ் மருந்துக் கடைகளுக்குள் ஒரு நூலகம் இருக்கும், டபிள்யூ.எச். ஸ்மித் கடைகளில் ஒன்று இருக்கும், தெருமுனைகளில் இரண்டு பென்னி கொடுத்து எடுத்துப் போகும் சிறிய நூலகங்கள் இருக்கும். பல கை மாறினாலும் கிழியாமல் இருக்க வேண்டும் என்பதால் பழுப்பு நிறக் கெட்டி அட்டை. 'பழுப்புப் புத்தகங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. மேலே ஒரு வண்ண ஜாக்கெட் இருக்கும், ஆனால் வாசகி கேட்டு வாங்கியது அந்தப் பழுப்பை. வாரா வாரம் வருகிறதா, பழுப்பு நிறமா, போதும், கொடுங்கள்.

ஸ்மித் நூலகங்கள் 1961-இல் மூடின. பூட்ஸ் 1966-இல். நூலகக்காரர் போய்விட்டார் என்றால் இனி ஒவ்வொரு பிரதியையும் ஒவ்வொரு பெண் தன் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும். மெல்லிய அட்டைப் பதிப்புக்கு மாறாமல் வழியில்லை.

அதற்குள் கனடாவில் இன்னொரு கதை நடந்திருந்தது. வினிபெக் நகரில் 1949-இல் ஹார்லிக்வின் என்ற பதிப்பகம் தொடங்கியது. துப்பறியும் கதை, கௌபாய் கதை, சமையல் புத்தகம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மலிவு விலையில் மறுபதிப்புப் போடும் இடம். 1957-இல் மில்ஸ் அண்ட் பூனின் மருத்துவமனைக் காதல் கதைகளை எடுத்து வெளியிட ஆரம்பித்தார்கள். நன்றாகப் போனது. 1964-க்குப் பிறகு காதல் கதை தவிர வேறெதுவும் இல்லை என்றானது. 1971-இல் மில்ஸ் அண்ட் பூனையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்.

அந்த மருத்துவமனைக் கதைகளின் அட்டைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெள்ளைத் தொப்பி போட்ட நர்ஸ் முன்னால் நிற்பாள், பெரிதாக, கவலையோடு. மருத்துவர் பின்னால், கொஞ்சம் சிறியதாக. இருவர் உடலும் ஒட்டாது. அந்த இடைவெளிதான் கதை. வேலைக்குப் போகும் பெண்ணை அட்டையின் நடுவில் வைத்த படங்கள் அவை, அதுவும் 1950-களில்.

அமெரிக்காவில் அதே சமயம் வேறொரு வகை ஓடிக்கொண்டிருந்தது. 1960-இல் ஏஸ் பதிப்பகம் தொடங்கி வைத்த காத்திக் வரிசை, அதாவது மர்மமும் பயமும் கலந்த காதல் கதைகள். நீலமும் கரும்பச்சையுமாக ஓர் இரவு. பின்னால் ஒரு பெரிய பழைய மாளிகை. முன்னால் நீண்ட உடையில் ஒரு பெண், மாளிகையைத் திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறாள். மாளிகையின் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு எரியும். பத்துப் பதினைந்து வருடம் எத்தனையோ பதிப்பகங்கள், எத்தனையோ ஓவியர்கள், இதே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அந்த ஒற்றை விளக்கு இல்லாவிட்டால் புத்தகம் விற்காது என்று நம்பினார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலான அட்டைகளில் ஆண் கிடையாது. பெண், பயம், வீடு, அவ்வளவுதான். அந்த வீட்டுக்குள்தான் ஆண் இருக்கிறான் என்பது வாசகிக்குத் தெரியும்.

இனி 1970-கள். இங்கே இரண்டு பாதை பிரிகிறது.

ஒன்று ஹார்லிக்வினின் பாதை. 1971-இல் தலைமைக்கு வந்த லாரன்ஸ் ஹைசி, பிராக்டர் அண்ட் கேம்பிளில் சோப்பு விற்றுப் பழகியவர். தனித்தனிப் புத்தகத்துக்கு விளம்பரம் செய்யாதே, வரிசைக்குச் செய் என்பது அவர் கணக்கு. 1973-இல் வந்த 'ஹார்லிக்வின் பிரசன்ட்ஸ்' வரிசையைப் பாருங்கள். வெள்ளை அட்டை, நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஜோடியின் படம். மாதா மாதம் வட்டத்துக்குள் இருக்கும் படம்தான் மாறும், மற்றதெல்லாம் அப்படியே. எழுத்தாளர் யார் என்று தெரியாவிட்டாலும், இது என்ன சாமான் என்று பத்தடி தூரத்திலிருந்து தெரியும். சூப்பர்மார்க்கெட்டில் பாலுக்கும் ரொட்டிக்கும் பக்கத்தில் வைத்து விற்றார்கள். சோப்புத்தூள் பெட்டிக்குள் இலவசமாக ஒரு நாவல் வைத்துக்கூடக் கொடுத்தார்கள். ஒரு வரிசைக்கு ஒரு நிறம், ஒரு சட்டகம் என்ற பழக்கம் இன்றுவரை நிற்கிறது. நம் ஊர் வாடகை நூலகங்களில் நிறத்தைப் பார்த்தே "இது டாக்டர் கதை, அது சரித்திரக் கதை" என்று அலமாரியிலிருந்து உருவுகிற அக்காக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று ஏவன் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் பாதை. நீங்கள் கேட்கும் கட்டிப்பிடி அட்டை பிறந்தது இங்கேதான். கேத்லீன் வுடிவிஸ் என்ற பெண் அனுப்பிய மிக நீளமான சரித்திரக் காதல் கதை ஒன்று, யாரும் கேட்காமலே வந்து குவிந்து கிடந்த கையெழுத்துப் பிரதிகளுக்குள் இருந்தது. ஏவனில் ஆசிரியராக இருந்த நான்சி காஃபி அதை எடுத்துப் படித்தார். 'தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்' என்ற பெயரில் 1972-இல் நேரடியாக மலிவுப் பதிப்பாகவே வந்தது. அதுவரை காதல் கதைகள் படுக்கையறைக் கதவோடு நின்றுவிடும். இந்தக் கதை உள்ளே போனது. லட்சக்கணக்கில் விற்றது. அடுத்தடுத்து அதே போலக் கனமான புத்தகங்கள் வந்தன. இவற்றுக்கு நர்ஸ் படமும் போட முடியாது, ஓடும் பெண் படமும் போட முடியாது. உள்ளே இருப்பதை வெளியே சொல்லும் புதுப் படம் வேண்டும்.

அப்படி வந்ததுதான் தொழிலில் 'கிளின்ச்' என்று சொல்லப்படும் படம். குத்துச்சண்டையில் களைத்துப்போன இருவர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நிற்பார்களே, அதற்கான சொல். அவள் பின்னால் சாய்வாள், அவன் குனிவான், தோளிலிருந்து துணி நழுவும், பின்னால் கடலோ கப்பலோ குதிரையோ கோட்டையோ இருக்கும்.

இவ்வளவு வெளிப்படையாக ஏன்? இங்கேதான் அந்த நடு ஆள் வருகிறார். மலிவுப் பதிப்புகள் அமெரிக்காவில் புத்தகக் கடையை நம்பி இருக்கவில்லை. மருந்துக் கடை, மளிகைக் கடை, விமான நிலையம், பேருந்து நிலையம் என்று கம்பிச் சுழல் அடுக்குகளில் விற்றன. அந்த அடுக்குகளை நிரப்பியவர்கள் ஊர் ஊராக இருந்த பத்திரிகை விநியோகஸ்தர்கள். பெரும்பாலும் ஆண்கள். மாதம் நூற்றுக்கணக்கான தலைப்புகள் வரும், ஒன்றையும் படிக்க மாட்டார்கள். பதிப்பகத்தின் விற்பனையாளர் அட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவார். எத்தனை பிரதி எடுப்பது என்று அந்த அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பெண்களுக்காகப் பெண்கள் எழுதிய கதையின் முகப்பில் மார்பும் தோளும் அவ்வளவு தெரிந்ததற்கு, முதலில் அதைப் பார்த்த கண்கள் யாருடையவை என்பது ஒரு பெரிய காரணம். அந்த வகைப் புத்தகங்களின் ஆசிரியைகள் பலர் இதைச் சொல்லி மனம் நொந்திருக்கிறார்கள்.

அட்டைக்கு அந்த வியாபாரத்தில் எவ்வளவு மதிப்பு என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். விற்காத மலிவுப் பதிப்புகளை முழுதாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், லாரிச் செலவு கட்டாது. முன் அட்டையை மட்டும் கிழித்து அனுப்புவார்கள். கிழித்த அட்டைகளை எண்ணிப் பதிப்பகம் பணத்தைக் கணக்கில் வரவு வைக்கும். மிச்சப் புத்தகம் கூழாகிவிடும். ஒரு நாவலை எழுத ஒரு வருடம் ஆகியிருக்கும். கணக்குப் புத்தகத்தில் அது ஒரு கிழிந்த அட்டை.

இந்த அட்டைகளை எப்படிச் செய்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 'கம்ப்யூட்டர் வேலை' என்று நினைக்கிறார்கள். எல்லாம் கையால் வரைந்தவை. ஆசிரியர் குழு ஒரு தாளில் கதாநாயகியின் முடி நிறம், கண் நிறம், காலம், இடம், ஒரு காட்சி என்று எழுதிக் கொடுக்கும். கலை இயக்குநர் ஓர் ஓவியரைப் பிடிப்பார். நியூயார்க்கில் ஒரு புகைப்பட நிலையத்தில் மாடல்கள் இருவரை வாடகை உடையில் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். மின்விசிறி ஓடும், கூந்தல் பறக்கும். அவள் பின்னால் சாய்ந்தபடி நிற்க முடியாது, அதனால் முதுகுக்கு ஏதாவது முட்டுக் கொடுப்பார்கள். அந்தப் புகைப்படங்களை வைத்துக்கொண்டு ஓவியர் பலகையில், அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரைவார். மேலே மூன்றில் ஒரு பங்கைத் தலைப்புக்கும் பெயருக்கும் காலியாக விட வேண்டும். காலியாக விட்டாலும் அது ஓவியத்தின் பகுதியாகவே தெரிய வேண்டும். அதனால்தான் அந்தப் படங்களில் அவ்வளவு வானம், அவ்வளவு மேகம். அந்த மேகங்களை நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கு இடம் விடுவது எப்படி என்பதை எனக்கு எந்த வகுப்பும் அந்த மேகங்கள் அளவுக்குச் சொல்லித் தரவில்லை.

ஓவியர்களில் மூவரையாவது பெயர் சொல்லி நினைக்க வேண்டும். ராபர்ட் மெக்கினிஸ், ஜேம்ஸ் பாண்ட் படங்களின் போஸ்டர்களும், 1961-இல் வந்த ஆட்ரி ஹெப்பர்ன் படத்தின் அந்த நீண்ட கறுப்பு உடைப் போஸ்டரும் வரைந்தவர். முட்டைக் கருவில் குழைத்த டெம்பெரா வண்ணத்தில் வரைவார். அவர் வரையும் பெண்களுக்குக் கழுத்தும் கால்களும் இயல்பைவிடச் சற்றே நீளம், அதுவே அவர் கையெழுத்து. 99 வயதில், 2025-இல் காலமானார். இத்தாலியின் பாரி நகரில் பிறந்த பீனோ டயேனி, 1970-களின் கடைசியில் அமெரிக்கா வந்து ஆயிரக்கணக்கான அட்டைகள் வரைந்தவர். துணியின் மடிப்பில் வெளிச்சம் விழுவதை அவர் வரைவதைப் பார்த்தால் தூரிகை துணியைத் தொட்டுவிட்டுப் போனது போல இருக்கும். மூன்றாமவர் எலைன் டுயிலோ. ஆண் ஓவியர்கள் நிறைந்த தொழிலில் இந்தப் பெண்மணியைத்தான் காதல் அட்டைகளின் ராணி என்றார்கள். ஒவ்வொரு முடியிழையையும், ஒவ்வொரு முத்தையும், சரிகையின் ஒவ்வொரு கண்ணியையும் வரைவார். அமெரிக்க ஓவியர் சங்கம் 2003-இல் தன் புகழ்ப் பட்டியலில் அவரைச் சேர்த்தது.

டுயிலோ வரைந்த ஓர் அட்டையில்தான் ஃபேபியோ என்ற மாடல் முதலில் வந்தார். 1987, ஜொஹானா லிண்ட்சி எழுதிய 'ஹார்ட்ஸ் அஃப்ளேம்' நாவல். மிலான் நகரத்து இளைஞர், தோளுக்குக் கீழே புரளும் பொன்முடி, அகன்ற மார்பு. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான அட்டைகளில் அவர் வைக்கிங், கடற்கொள்ளையர், பிரபு, பழங்குடி வீரர் என்று எல்லாமாகவும் வந்தார். இங்கே ஒரு மாற்றம் நடந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. அதுவரை அட்டையில் விற்பனைப் பொருளாக நின்றது பெண்ணின் உடல். இப்போது ஆணின் உடல். பார்க்கும் கண் மெல்ல வாசகியின் கண்ணாக ஆகிக்கொண்டிருந்தது. பெண்கள் பெயர் தெரிந்து கேட்ட முதல் அட்டை மாடல் அவர்தான் என்பது என் கணிப்பு.

எல்லை மீறியதும் உண்டு. 1985-இல் வந்த லிண்ட்சியின் 'டெண்டர் இஸ் தி ஸ்டார்ம்' அட்டையை மெக்கினிஸ் வரைந்தார். நாயகன் உடையின்றி, பக்கவாட்டில். கடைகள் முகம் சுளித்ததும், இடுப்புக்குக் கீழே பொன் நிற ஒட்டுவில்லை ஒன்றை ஒட்டி விற்றார்கள். ஒட்டுவில்லை ஒட்டியதால் பார்க்க வேண்டும் என்று தோன்றியவர்கள்தான் அதிகமாக இருந்திருப்பார்கள்.

1993-இல் வந்த கிறிஸ்டினா டாடின் 'காசில்ஸ் இன் தி ஏர்' அட்டையைச் சொல்லாமல் விட முடியாது. நாயகிக்கு மூன்று கைகள். படத்தை வரைந்து திருத்தும் வழியில் ஒரு கை எஞ்சிவிட்டது, அத்தனை பேர் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படாமல் அச்சாகிப் போனது. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பு வரவழைக்காது, வயிற்றைக் கலக்கும். மாதத்துக்கு எத்தனை அட்டைகள், எத்தனை அவசரம் என்று அந்த மூன்றாவது கை சொல்கிறது.

இந்த அட்டைகளை வெட்கப்பட்டு மறைத்தவர்கள் வாசகிகள். கல்லூரி நாட்களில் என் தோழிகளும் நானும் பழைய காலண்டர் தாளை அட்டையாகப் போட்டுத்தான் பேருந்தில் படிப்போம். அமெரிக்காவிலும் இதே பாடுதான். துணியில் தைத்த புத்தக உறை போட்டுக்கொண்டு படித்திருக்கிறார்கள். பதிப்பகங்களுக்கு இது தெரிந்தது. அப்படி வந்ததுதான் இரட்டை அட்டை, தொழிலில் 'ஸ்டெப்பேக்' என்பார்கள்.

மயிலாப்பூர் லஸ் பக்கம் நடைபாதைக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய ஒன்று இப்போது என் மேஜையில் இருக்கிறது. வெளி அட்டை கருநீலம். ஒரு ரோஜா, ஒரு முத்து மாலை, அவ்வளவுதான். எழுத்தாளர் பெயர் பொன் தகட்டில், கட்டைவிரலால் தடவினால் மேடு தட்டுகிறது. தகடு எழுத்துகளின் ஓரத்தில் மட்டும் உதிர்ந்து அடியில் இருக்கும் நீலம் தெரிகிறது, எத்தனை கட்டைவிரல்கள் அங்கே பட்டிருக்கும் என்று கணக்கில்லை. வெளி அட்டையின் வலது ஓரம் கால் அங்குலம் குறைவாக வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கால் அங்குல இடுக்கில் உள்ளே இருக்கும் படத்தின் ஓரம் தெரியும், கொஞ்சம் சிவப்புத் துணி, ஒரு முழங்கை. திறந்தால் இரண்டாவது அட்டை, முழு ஓவியம். புல்வெளி, குதிரை, இருவர். உள்ளே இருந்ததால் வெயில் படாமல், முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்தச் சிவப்பு நேற்றுப் பூசியது போல இருக்கிறது. மருந்துக் கடையில் வைக்கவும் கூசாது, வாசகிக்கு வேண்டியதும் உள்ளே இருக்கிறது. அட்டை வடிவமைப்பில் இதைவிட மரியாதையான தீர்வை நான் பார்த்ததில்லை. செலவு மட்டும் கூடுதல்: தகடு, புடைப்பு, தனி வெட்டு, இரண்டு அட்டை.

அந்த அழகான ஓவியங்களில் யார் இல்லை என்பதையும் பேச வேண்டும். கறுப்பினப் பெண்கள் காதல் கதைகளைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அட்டையில்தான் அவர்கள் இல்லை. டெல் பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்த விவியன் ஸ்டீவன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, 1980-இல் எல்சி வாஷிங்டன் எழுதிய 'என்ட்வைண்ட் டெஸ்டினீஸ்' நாவலைக் கொண்டுவந்தார். கறுப்பின எழுத்தாளரின் கறுப்பினக் காதல் கதை, பெரிய பதிப்பகத்தின் வரிசையில். அதன் பிறகும் கறுப்பின ஜோடிகளுக்கென்றே ஒரு முழு வரிசை வர 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, 'அராபெஸ்க்' என்ற பெயரில். அமெரிக்கப் பழங்குடி நாயகர்கள் கதைகளில் ஏராளம். அட்டைக்கு மட்டும் வெள்ளைக்கார மாடலுக்கு வண்ணம் மாற்றி இறகு சூட்டினார்கள். தூரிகை எவ்வளவு அருமையாக இருந்தாலும் அந்த அட்டைகளை என்னால் ரசிக்க முடிவதில்லை.

பிறகு அந்த நடு ஆளே மறைந்தார். 1990-களின் நடுவில் அமெரிக்கச் சூப்பர்மார்க்கெட் நிறுவனங்கள், ஊருக்கு ஒரு விநியோகஸ்தர் எதற்கு, ஒரே பெரிய ஒப்பந்தம் போதும் என்று முடிவெடுத்தன. நூற்றுக்கணக்கில் இருந்த விநியோகஸ்தர்கள் சில வருடங்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். புத்தகம் விற்பது பெரிய கிளைக் கடைகளின் கைக்குப் போனது. அந்தக் கடைகளில் நுழைந்ததும் கண்ணில் படும் மேஜையில் கிளின்ச் அட்டை எடுபடவில்லை. 1996-இல் பிரிட்டனில் வந்த 'பிரிட்ஜெட் ஜோன்ஸ்' நாவலின் வெற்றிக்குப் பிறகு வெளிர் சிவப்பு, குதிகால் செருப்பு, மதுக்கோப்பை, கைப்பை என்று ஓர் அலை. ஆளே இல்லை, அல்லது கால்கள் மட்டும்.

சரித்திரக் காதல் கதைகளில் ஓவியர்கள் வேலை இழந்தார்கள். புகைப்படத்தையே கணினியில் வெட்டி ஒட்டினால் இரண்டு வார வேலை இரண்டு நாளில் முடிந்தது. 2000-களில் தலை வெட்டப்பட்ட அட்டைகள் வந்தன. கழுத்தோடு நிற்கும் பெண்ணின் உடை, கழுத்தோடு நிற்கும் ஆணின் மார்பு. முகம் இல்லாவிட்டால் வாசகி தன் முகத்தை வைத்துக்கொள்வாள் என்று காரணம் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே மாடல் படத்தைப் பல புத்தகங்களுக்குப் பயன்படுத்த அது வசதி என்பதுதான் நடைமுறை. மின்னூல் வந்த பிறகு இது இன்னும் தெளிவானது: அதே மனிதர், அதே சட்டைப் பொத்தான், வானம் மட்டும் வேறு நிறம், ஐந்து வெவ்வேறு நாவல்கள்.

கிண்டில் 2007 நவம்பரில் வந்தது. அதற்கு முதலில் ஓடிப்போனவர்களில் காதல் கதை வாசகிகள் முன்னணி. காலண்டர் தாள் தேவையில்லை, பேருந்தில் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அட்டைக்கு வேலை இரண்டாகப் பிரிந்தது. படிக்கும்போது அது கண்ணிலேயே படாது. வாங்கும்போது தபால்தலை அளவில் படும். அந்த அளவில் குதிரையும் கோட்டையும் தெரியாது. பெரிய எழுத்தும் ஒரே ஒரு பொருளும்தான் தெரியும். 2012-இல் பெரிய பதிப்பகத்துக்கு வந்த 'ஃபிஃப்டி ஷேட்ஸ்' நாவலின் அட்டையை நினைத்துப் பாருங்கள். ஒரு சாம்பல் நிற டை, வேறு எதுவும் இல்லை. உள்ளே கிளின்ச் அட்டைக்காரர்கள் கனவிலும் எழுதாதது இருந்தது, வெளியே அலுவலகத்துக்கு எடுத்துப்போகலாம். அந்த மூன்று புத்தகங்களும் சேர்ந்து 2014-க்குள் 10 கோடிப் பிரதிகளைத் தாண்டின. அடுத்த இரண்டு வருடம் கடையெல்லாம் டை, கைவிலங்கு, சட்டைக் கைப்பொத்தான்.

நம் பக்கமும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் மாத நாவல்களின் அட்டைகளிலும் கையால் வரைந்த முகங்கள் இருந்தன. இன்று செயலிகளில் தொடராக வரும் தமிழ்க் காதல் கதைகளுக்கு இணையத்தில் கிடைக்கும் வடநாட்டுக் கல்யாண மாடல் படமோ, அனுமதி கேட்காமல் எடுத்த சினிமா நடிகர் படமோ அட்டையாகிவிடுகிறது. மதுரைக்காரக் கதாநாயகிக்கு லெஹங்கா. எழுதுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நமக்கென்று படங்களை வைத்திருக்கும் இடமே இல்லை.

இந்தப் பற்றாக்குறைதான் நீங்கள் கேட்கும் கார்ட்டூன் அட்டைக்கும் ஒரு வாசல். 2016-லிருந்து மெல்லத் தொடங்கி, 2018-இல் ஹெலன் ஹோவாங்கின் 'தி கிஸ் கோஷன்ட்' போன்றவை வந்த பிறகு வேகம் பிடித்தது. தட்டையான வண்ணம், கோட்டோவியம், இரண்டு உருவங்கள், பெரிய எழுத்து. காரணங்கள் பல சேர்ந்தன. பெரிய அளவுப் பதிப்பு, கடை மேஜை, கைபேசித் திரை, இன்ஸ்டாகிராம் படம், பிறகு டிக்டாக் காணொளி, எல்லா இடத்திலும் ஒரே படம் பளிச்சென்று நிற்க வேண்டும். நாயகி பருமனானவளாக, கறுப்பினத்தவளாக, வியட்நாமிய வம்சாவளியாக, கைத்தடி ஊன்றி நடப்பவளாக இருந்தால், விலைக்குக் கிடைக்கும் புகைப்படத் தொகுப்புகளில் அவள் கிடைக்க மாட்டாள். ஓர் ஓவியரிடம் சொன்னால் வரைந்து கொடுப்பார். 2019-இல் வந்த டாலியா ஹிபர்ட்டின் 'கெட் எ லைஃப், குளோயி பிரௌன்' நாவலின் அட்டையில் பருமனான கறுப்பின நாயகி மகிழ்ச்சியோடு நிற்கிறாள். 1985-இல் அந்த அட்டை கிடைத்திருக்காது. இதற்காக மட்டுமே நான் கார்ட்டூன் அட்டைக்கு நன்றி சொல்வேன்.

ஆனால் குறையும் உண்டு, அதை நீங்களே கேள்வியில் தொட்டுவிட்டீர்கள். கிளின்ச் அட்டை என்ன செய்தாலும் பொய் சொல்லவில்லை. எந்த வகைக் கதை, எவ்வளவு சூடு, எந்தக் காலம் என்று பார்த்ததும் தெரியும். இப்போது அதே மிட்டாய் நிற அட்டைக்குள் முத்தத்தோடு நிற்கும் கதையும் இருக்கும், பக்கம் பக்கமாகப் படுக்கையறை இருக்கும் கதையும் இருக்கும். பதினொரு வயதுப் பெண் குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டுப் பதறிய தகப்பனை எனக்குத் தெரியும். எல்லாப் பதிப்பகங்களும் ஒரே மாதிரி இரண்டு உருவங்களை முதுகோடு முதுகு சாய்த்து வைப்பதால், எது எந்தப் புத்தகம் என்று எனக்கே குழம்புகிறது.

பழைய கம்பி அடுக்கின் கதை முடிந்துவிட்டது. அமெரிக்காவில் சூப்பர்மார்க்கெட் போன்ற கடைகளுக்குப் புத்தகம் அனுப்பும் பெரிய விநியோக நிறுவனமான ரீடர்லிங்க், 2025 முடிவோடு சிறு அளவு மலிவுப் பதிப்புகளை விநியோகிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. கிளின்ச் அட்டை அந்தச் சின்னச் சதுரத்துக்காகவே பிறந்தது. அந்த மூல ஓவியங்களில் பல ஒரு காலத்தில் பதிப்பகக் கிடங்குகளில் கேட்பாரற்றுக் கிடந்தவை. இப்போது ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன.

அம்மா எடுத்து வந்தவற்றில் ஏதாவது வீட்டில் மிச்சமிருந்தால் ஒரு பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். ஓவியர் பெயரை உள்ளே பெரும்பாலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள். படத்தின் கீழ் மூலையில், உடையின் விளிம்பிலோ புல்லுக்குள்ளோ பாறையின் நிழலிலோ, தூரிகை நுனியால் எழுதிய பெயர் இருக்கும். வெட்டும்போது பாதி போயிருந்தாலும் இருக்கும். என் மேஜையில் இருக்கும் புத்தகத்தில் குதிரையின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் நான்கு எழுத்துகள் தெரிகின்றன: பி, ஐ, என், ஓ.